நாக்குக்கு அடியில் வைக்கும் வலி மாத்திரை: யாருக்கு உதவும், யாருக்கு ஆபத்து?

நெஞ்சு வலித்தால் உடனே நாக்குக்கு அடியில் வைக்கச் சொல்லி மருத்துவமனையில் கொடுத்த சிறிய மாத்திரை பாட்டில் நம் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. சிலர் அதைச் சாமி மேடைக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்கள். சிலர் வேலைக்குப் போகும்போது சட்டைப் பையில் போட்டுக்கொள்வார்கள். விழுங்காமல், மெல்லாமல், நாக்குக்குக் கீழே கரையவிட வேண்டும் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அதே முறையில் வைக்கப்படும் வேறொரு வகை மாத்திரையும் உண்டு. அது இதயத்துக்கானது அல்ல, கடுமையான வலிக்கானது. ஓபியாய்டு எனப்படும் அபின் வகை மருந்துகளில் சில இப்படி நாக்குக்கு அடியில் வைத்துக் கொடுக்கப்படுகின்றன. எலும்பு முறிவு, அறுவை சிகிச்சைக்குப் பிந்திய வலி, புற்றுநோயாளிக்குத் திடீரென்று எழும் வலி ஆகியவற்றுக்கு உலகின் பல மருத்துவமனைகளில் இவை பயன்படுகின்றன.

இந்த மருந்துகளைப் பற்றி நம் மக்களிடையே இரண்டு விதமான தவறுகள் நடக்கின்றன. "அது போதை மருந்து, ஒரு தடவை கொடுத்தால் பழகிவிடும்" என்று பயந்து, வலியில் துடிக்கும் பெரியவருக்குக் கொடுக்காமல் விடுவது ஒன்று. "அண்ணனுக்குக் கேட்டது, உனக்கும் கேட்கும்" என்று ஒருவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை இன்னொருவர் வாயில் வைப்பது மற்றொன்று. முதலாவது, தேவையில்லாத வேதனையில் முடிகிறது. இரண்டாவது, உயிரையே பறிக்கலாம். இரண்டையும் தவிர்க்க, இந்த மாத்திரை உடலுக்குள் என்ன செய்கிறது என்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

ஏன் நாக்குக்கு அடியில்?

கண்ணாடி முன் நின்று நாக்கைத் தூக்கிப் பார்த்தால் நீல நிறத்தில் நரம்பு போல இரண்டு கோடுகள் தெரியும். அவை இரத்தக் குழாய்கள். அந்த இடத்தில் தோல் மிக மெல்லியது. அங்கே கரையும் மருந்து நேராக இரத்தத்தில் கலந்து, கழுத்து வழியாக இதயத்துக்குப் போய், அங்கிருந்து மூளைக்கும் உடல் முழுவதுக்கும் பரவுகிறது.

விழுங்கும் மாத்திரைக்கு இந்தக் குறுக்குவழி இல்லை. அது வயிற்றுக்குப் போய், குடலில் உறிஞ்சப்பட்டு, முதலில் கல்லீரலுக்குத்தான் போக வேண்டும். கல்லீரல் தன்னிடம் வரும் மருந்தில் ஒரு பங்கைச் சிதைத்துவிட்டு மீதியைத்தான் உடலுக்கு விடுகிறது. மார்பின் மருந்தை விழுங்கினால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் இரத்தத்துக்கு வந்து சேரும். சூஃபென்டானில் என்ற மருந்தை விழுங்கினால் பத்தில் ஒரு பங்கு வருவதே அரிது. அதையே நாக்குக்கு அடியில் வைத்தால் பாதிக்கு மேல் உடலில் சேர்கிறது.

ஊசி இன்னும் வேகமானதுதான். ஆனால் ஊசி போட ஆள் வேண்டும், நரம்பு கிடைக்க வேண்டும், சுத்தமான இடம் வேண்டும். வாந்தி எடுத்துக்கொண்டிருப்பவருக்கும், விழுங்க முடியாத புற்றுநோயாளிக்கும், பலமுறை ஊசி குத்தியதால் நரம்பே கிடைக்காதவருக்கும் நாக்கு வழி ஒரு பெரிய உதவி.

செம்பனைக் குலை வெட்டும்போது வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிந்த ஒருவரை எண்ணிப் பாருங்கள். தோட்டத்து மண் சாலையில் லோரியில் ஏற்றி, அருகிலுள்ள மருத்துவமனைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்கும் வரை ஒவ்வொரு குழியிலும் அவர் அலறிக்கொண்டே போவார். உலக இராணுவங்கள் இந்தப் பிரச்சினையைத்தான் போர்க்களத்தில் சந்தித்தன. ஈராக், ஆப்கானிஸ்தான் போர்களில் காயம்பட்ட அமெரிக்க வீரர்களுக்கு, கன்னத்தின் உட்புறம் வைத்து உறிஞ்சும் ஃபென்டானில் குச்சி மிட்டாய் கொடுக்கப்பட்டது. அந்தக் குச்சியை வீரனின் விரலோடு சேர்த்து ஒட்டிவிடுவார்கள். மருந்து அளவுக்கு மிஞ்சி அவர் மயங்கத் தொடங்கினால், கை தானாகக் கீழே சரிந்து குச்சியையும் வாயிலிருந்து இழுத்துக்கொண்டு வந்துவிடும்.

எல்லா மருந்துக்கும் இந்த வழி ஒத்துவராது

"அப்படியானால் வீட்டிலுள்ள எந்த வலி மாத்திரையையும் நாக்குக்கு அடியில் வைத்தால் சீக்கிரம் கேட்குமே" என்று சிலர் நினைக்கலாம். கேட்காது. வாயின் மெல்லிய தோல் கொழுப்புத் தன்மை கொண்டது. கொழுப்பில் எளிதில் கரையும் மருந்துகள்தான் அதைக் கடந்து போகும். மார்பின் நீரில் கரையும் வகை என்பதால் நாக்குக்கு அடியில் சரியாக ஏறாது. கொழுப்பில் கரையும் புப்ரெனார்ஃபின், ஃபென்டானில், சூஃபென்டானில் ஆகிய மூன்றும் ஏறும். இந்த மூன்றும் ஒரே மாதிரியானவை அல்ல.

புப்ரெனார்ஃபின்: இங்கிலாந்தின் ஹல் நகரில் 1966-இல் உருவாக்கப்பட்டது. முதலில் ஊசியாகவும், 1980களின் தொடக்கத்தில் நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையாகவும் விற்பனைக்கு வந்தது. வலிக்கான மாத்திரையின் அளவு 0.2 மில்லிகிராம். ஆஸ்திரேலிய மருத்துவமனைகளில் அறுவை சிகிச்சைக்குப் பிந்திய வலிக்கு இது கொடுக்கப்படுகிறது. எலும்பு முறிந்து அவசரப் பிரிவுக்கு வந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு நாக்குக்கு அடியில் 0.4 மில்லிகிராம் புப்ரெனார்ஃபினும், மற்றவர்களுக்கு நரம்பில் 5 மில்லிகிராம் மார்பினும் கொடுத்து ஈரானிய மருத்துவர்கள் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 2012-இல் வெளியான அந்த ஆய்வில் இரண்டும் வலியை ஏறக்குறைய ஒரே அளவுக்குக் குறைத்தன.

ஆனால் இது கண் இமைக்கும் நேரத்தில் வேலை செய்யும் மருந்து அல்ல. வலி குறையத் தொடங்கவே கால் மணி முதல் முக்கால் மணி நேரம் ஆகலாம். பிறகு ஆறு முதல் எட்டு மணி நேரம் வரை தாங்கும். இதைத் தெரியாதவர்கள்தான் "பத்து நிமிஷம் ஆச்சு, இன்னும் வலி நிற்கவில்லையே" என்று இரண்டாவது மாத்திரையை வைக்கிறார்கள். முதலாவது மாத்திரையும் இரண்டாவதும் சேர்ந்து உச்சத்துக்கு வரும்போது ஆபத்து தொடங்குகிறது.

ஃபென்டானில்: நாக்குக்கு அடியில் வைத்தால் 10, 15 நிமிடங்களில் வேலை செய்யத் தொடங்கும். ஆனால் இது எல்லாருக்கும் உரியதல்ல. ஏற்கெனவே நாள்தோறும் மார்பின் போன்ற மருந்தைத் தொடர்ந்து எடுத்துவரும் புற்றுநோயாளிகளுக்கு, அந்த மருந்தையும் மீறி இடையில் எழும் வலிக்காக மட்டுமே இது. நாளொன்றுக்குக் குறைந்தது 60 மில்லிகிராம் மார்பினை ஒரு வாரத்துக்கு மேல் எடுத்து உடல் பழகியவராக இருக்க வேண்டும் என்பது பொது விதி. பழகாத உடலுக்கு அதே மாத்திரை மூச்சை நிறுத்திவிடும். அமெரிக்காவில் கன்னத்தின் உட்புறம் வைக்கும் ஃபென்டானில் மாத்திரை, தலைவலி போன்ற காரணங்களுக்காகத் தகுதியில்லாதவர்களுக்கும் கொடுக்கப்பட்டு உயிர்கள் போனதால், 2007-இல் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் பகிரங்க எச்சரிக்கை விட வேண்டியதாயிற்று.

சூஃபென்டானில்: மூன்றிலும் வீரியம் மிக்கது. ஃபென்டானிலைவிட ஐந்து முதல் பத்து மடங்கு. போர்க்களத்தில் ஊசி இல்லாமல் வலியைத் தணிக்க வழி தேடிய அமெரிக்கத் தற்காப்புத் துறையின் ஆதரவோடு, 30 மைக்ரோகிராம் கொண்ட குட்டி மாத்திரை உருவாக்கப்பட்டு 2018 நவம்பரில் அங்கு அனுமதி பெற்றது. ஓபியாய்டு மருந்துகளால் நாடே தடுமாறிக்கொண்டிருந்த நேரத்தில் இன்னும் ஒன்று தேவையா என்ற கடுமையான எதிர்ப்பும் எழுந்தது. அதனால் மருந்துக் கடைகளில் விற்கக் கூடாது, வீட்டுக்குக் கொடுத்தனுப்பக் கூடாது, மருத்துவமனையில் ஊழியர்தான் சிறு கருவி மூலம் நாக்குக்கு அடியில் வைக்க வேண்டும், ஒரு மணி நேரத்துக்கு ஒன்றுக்கு மேல் கூடாது என்ற கட்டுப்பாடுகளோடுதான் அனுமதி கிடைத்தது. 2024-இல் அதன் விற்பனை அங்கு நிறுத்தப்பட்டது.

நம் நாட்டு மருத்துவமனைகளில் கடும் வலியோடு வருபவருக்குப் பொதுவாக பாராசிட்டமால், வீக்கம் குறைக்கும் மாத்திரை, டிராமடால், மார்பின் ஊசி என்று வலியின் அளவுக்கேற்ப மருந்து கொடுக்கப்படும். நாக்குக்கு அடியில் வைக்கும் ஓபியாய்டு எல்லாருக்கும் வழக்கமாகக் கொடுப்பது அல்ல. அது பொருந்துமா என்பதை நோயாளியைப் பார்த்து மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும்.

சிறுநீரகம் பழுதடைந்தவர்களுக்கு ஏன் முக்கியம்?

இந்தப் பேச்சு நம் சமூகத்துக்கு நெருக்கமானது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியாவில் வயதுவந்த இந்தியர்களில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. எல்லா இனத்தாரையும் சேர்த்துப் பார்த்தால் அது 18 விழுக்காடுதான். நீரிழிவு முற்றினால் சிறுநீரகம் கெடும். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகும் ஒருவராவது இல்லாத உறவு வட்டம் நம்மிடையே குறைவு.

சிறுநீரகம் பழுதானவர்களுக்கு வலி வந்தால் மருந்து தேர்ந்தெடுப்பதே சிரமம். டைக்ளோஃபினாக் போன்ற மூட்டுவலி மாத்திரைகள் மிச்சமிருக்கும் சிறுநீரகச் செயல்பாட்டையும் கெடுக்கும். மார்பின் உடலில் சிதையும்போது உருவாகும் பொருள்கள் சிறுநீர் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அது நடக்காவிட்டால் அவை தேங்கி, மயக்கத்தையும் மூச்சுத் தளர்ச்சியையும் உண்டாக்கும். புப்ரெனார்ஃபின் பெரும்பாலும் கல்லீரல் வழியாகக் கழிவதால், சிறுநீரக நோயாளிகளுக்கு மருத்துவர்கள் எண்ணிப் பார்க்கும் மருந்துகளில் அதுவும் ஒன்று. ஆனால் கல்லீரல் கெட்டவர்களுக்கு, குறிப்பாக நெடுநாள் குடிப்பழக்கத்தால் கெட்டவர்களுக்கு, அதே மருந்து பிரச்சினையாகலாம். எனவே அவசரப் பிரிவில் "எனக்குச் சிறுநீரகப் பிரச்சினை", "எனக்குக் கல்லீரல் பிரச்சினை" என்று முதலிலேயே சொல்லிவிடுவது அவசியம். கேட்டால் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

சிங்கப்பூர் கற்ற பாடம்

புப்ரெனார்ஃபினுக்கு இன்னொரு முகமும் உண்டு. ஹெராயின் பழக்கத்திலிருந்து மீள்பவர்களுக்கு இதே மருந்து, 2 அல்லது 8 மில்லிகிராம் என்ற மிகப் பெரிய அளவில், நாக்குக்கு அடியில் வைக்கக் கொடுக்கப்படுகிறது. வலி மாத்திரையைவிட அது 10 முதல் 40 மடங்கு.

சிங்கப்பூரில் சபுடெக்ஸ் என்ற பெயரில் அது 2000களின் தொடக்கத்தில் கிளினிக்குகளில் கிடைத்தது. பலர் அதை நாக்குக்கு அடியில் வைக்கவில்லை. பொடியாக்கி, நீரில் கரைத்து, தூக்க மருந்தோடு சேர்த்து நரம்பில் ஏற்றினார்கள். மாத்திரைத் தூள் இரத்தக் குழாய்களை அடைத்து விரல்களும் கால்களும் அழுகின. இதய வால்வில் கிருமி தொற்றியது. இறப்புகளும் நேர்ந்தன. 2006 ஆகஸ்டு 14-ஆம் தேதி சிங்கப்பூர் அரசு புப்ரெனார்ஃபினை 'ஏ' பிரிவு போதைப்பொருளாக அறிவித்தது. அதே காலக்கட்டத்தில் மலேசியாவில், நலோக்சோன் என்ற முறிப்பு மருந்து கலந்த மாத்திரை அதன் இடத்தைப் பிடித்தது. அந்தக் கலவையை நாக்குக்கு அடியில் வைத்தால் நலோக்சோன் பெரிதாக ஏறாது. கரைத்து ஊசியாகப் போட்டால் உடனே ஏறி, போதையை முறித்துவிடும்.

ஜோகூர் பாலத்தைத் தினமும் கடந்து வேலைக்குப் போகும் நம்மவர்கள் இதைக் கட்டாயம் நினைவில் வைக்க வேண்டும். இங்கே மருத்துவர் எழுதிக் கொடுத்த மருந்தாகவே இருந்தாலும், போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் வலி மருந்தைச் சிங்கப்பூருக்குக் கொண்டுபோக அந்நாட்டுச் சுகாதார அறிவியல் ஆணையத்தின் முன் அனுமதி தேவை. "என் அம்மாவுடைய மாத்திரை, பையில் கிடந்தது" என்ற விளக்கம் சோதனைச் சாவடியில் எடுபடாது.

"பழகிவிடும்" என்ற பயம்

மார்பின் என்றாலே கடைசி ஊசி என்று நினைக்கும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. புற்றுநோயாளிக்கு மருத்துவர் அதை எழுதினால், "இனி நம்பிக்கை இல்லையா?" என்று பிள்ளைகள் கண் கலங்குவார்கள். உண்மையில் அது வலிக்கான மருந்து. சாவை நெருக்கிக் கொண்டுவருவதற்காக அது கொடுக்கப்படுவதில்லை. வலி குறைந்தால் நோயாளி தூங்குவார், சாப்பிடுவார், பேரப் பிள்ளையிடம் நாலு வார்த்தை பேசுவார்.

பழக்கம் என்ற பயத்தில் உண்மை இல்லாமலும் இல்லை. எலும்பு முறிவுக்கோ அறுவை சிகிச்சைக்கோ சில நாள்கள், மருத்துவர் சொன்ன அளவில் எடுத்து நிறுத்தும் பெரும்பாலோர் அடிமையாவதில்லை. வலி போன பிறகும் மனம் அமைதியாக இருக்கிறது என்று தொடர்வதும், அளவைத் தானே கூட்டுவதும்தான் வழி தவறும் இடம். முன்பு போதைப் பழக்கம் இருந்தவர்கள் அதை மருத்துவரிடம் மறைக்கக் கூடாது. குறிப்பாக மெத்தடோன் எடுத்துக்கொண்டிருப்பவர் புப்ரெனார்ஃபின் வைத்தால், அது மெத்தடோனைத் தள்ளிவிட்டு அதன் இடத்தில் உட்கார்ந்து, கடுமையான விலகல் அவதியை உண்டாக்கிவிடும்.

நம்மிடையே உள்ள இன்னொரு பழக்கமும் மாற வேண்டும். வலி எப்படி இருக்கிறது என்று கேட்டால் "பரவாயில்லை டாக்டர்" என்று சொல்லிவிடுவது. 2008 முதல் சுகாதார அமைச்சு வலியை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, மூச்சு, உடல் வெப்பம் ஆகியவற்றோடு ஐந்தாவது அறிகுறியாகக் கணக்கெடுக்கச் சொல்லியிருக்கிறது. 0 என்றால் வலியே இல்லை, 10 என்றால் தாங்கவே முடியாத வலி. தாதி எண் கேட்டால் உள்ளதைச் சொல்லுங்கள். 8 வலிக்கு 3 என்று சொன்னால், 3-க்கான மருந்துதான் வரும்.

எப்படி வைக்க வேண்டும்?

மருத்துவர் இத்தகைய மாத்திரையை எழுதிக் கொடுத்தால் கவனிக்க வேண்டியவை:

• வெற்றிலை பாக்கு, உணவு எதுவும் வாயில் இருக்கக் கூடாது. வாய் உலர்ந்திருந்தால் சிறிது தண்ணீரால் நனைத்துக்கொள்ளலாம்.

• உட்கார்ந்துகொண்டு, நாக்கைத் தூக்கி, மாத்திரையை அடியில் வைத்து வாயை மூடிக்கொள்ள வேண்டும். மெல்லக் கூடாது, சப்பக் கூடாது, விழுங்கக் கூடாது. விழுங்கினால் பெரும்பகுதி வீணாகிவிடும்.

• முழுதும் கரையும் வரை சாப்பிடவோ, குடிக்கவோ, அதிகம் பேசவோ வேண்டாம்.

• புப்ரெனார்ஃபினை நீண்ட நாள் வாயில் கரைப்பவர்களுக்குப் பல் சொத்தையாவது குறித்து 2022-இல் அமெரிக்காவில் எச்சரிக்கை வந்தது. முழுதும் கரைந்த பின் தண்ணீரால் வாயைக் கொப்பளித்து விழுங்க வேண்டும். பல் துலக்க ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டும்.

• வாயில் புண் இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மருந்து ஏறும் அளவு மாறலாம்.

• அடுத்த மாத்திரை எத்தனை மணி நேரம் கழித்து என்பதைத் தாளில் எழுதி வாங்குங்கள். வைத்த நேரத்தைக் குறித்து வையுங்கள்.

• மோட்டார் சைக்கிள், கார் ஓட்டுவதும், ஏணி ஏறுவதும், அரிவாள் பிடிப்பதும் கூடாது. தலைசுற்றல், குமட்டல், மலச்சிக்கல் வரலாம்.

எப்போது 999-ஐ அழைக்க வேண்டும்?

ஓபியாய்டு அளவுக்கு மிஞ்சினால் முதலில் தூக்கம் கூடும், பிறகு மூச்சு குறையும். மூளையில் வலியை அடக்கும் அதே வகை மருந்து, மூச்சுவிடச் சொல்லும் பகுதியையும் அடக்கிவிடுவதே காரணம். மது, சம்சு, தூக்க மாத்திரை, ஒவ்வாமைக்கான மயக்க மருந்து ஆகியவற்றில் எதைச் சேர்த்தாலும் ஆபத்து பல மடங்காகும். புப்ரெனார்ஃபின் தனியாக இருக்கும்போது மூச்சை அடக்குவதில் ஓர் எல்லையோடு நிற்கும் என்பார்கள். மதுவோ தூக்க மாத்திரையோ சேர்ந்தால் அந்தப் பாதுகாப்பை நம்ப முடியாது. ஆஸ்துமா, நெடுநாள் நுரையீரல் நோய், தூக்கத்தில் மூச்சுத் தடைபடும் நோய் உள்ளவர்களும் எச்சரிக்கையாக இருக்க வேண்டும்.

கூப்பிட்டும் உலுக்கியும் விழிக்காதது, மூச்சு மெதுவாகவோ விட்டுவிட்டோ வருவது, வழக்கமில்லாத கரகரப்பான குறட்டை, உதடும் நகமும் நீலமாவது, கண்மணி ஊசி முனை போலச் சுருங்கியிருப்பது ஆகியவை ஆபத்தின் அடையாளங்கள். "களைப்பு, நல்லா தூங்கட்டும்" என்று விட்டுவிட வேண்டாம். வாயில் மாத்திரை மிச்சம் தெரிந்தால் எடுத்துவிட்டு, ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே 999-ஐ அழையுங்கள். சிங்கப்பூரில் 995. மருத்துவமனையில் நலோக்சோன் என்ற முறிப்பு மருந்து உண்டு. புப்ரெனார்ஃபின் பிடி இறுக்கமானது என்பதால் வழக்கத்தைவிட அதிக அளவும் நீண்ட கண்காணிப்பும் தேவைப்படலாம். எனவே கண் விழித்துவிட்டார் என்று உடனே வீட்டுக்கு அழைத்துவர அவசரப்படக் கூடாது. எந்த மாத்திரை, எத்தனை, எப்போது என்று சொல்ல, காலி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள்.

வீட்டில் சிறு பிள்ளைகள் இருந்தால் இந்த மாத்திரை சாமி மேடையிலோ மேசை மேலோ இருக்கக் கூடாது. பெரியவருக்கு வலியைத் தணிக்கும் ஒரே ஒரு மாத்திரை, அதை மிட்டாய் என்று நினைத்து வாயில் போட்டுக்கொள்ளும் குழந்தையின் உயிரைப் பறித்துவிடலாம். பூட்டுள்ள பெட்டியில் வையுங்கள். நெஞ்சு வலி மாத்திரையோடு சேர்த்து வைக்காதீர்கள். இரண்டும் நாக்குக்கு அடியில் வைப்பவை என்பதால் அவசரத்தில் மாறிப்போகும். பாட்டில் மேலே தமிழில் "நெஞ்சு வலிக்கு", "எலும்பு வலிக்கு" என்று பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினால் படிக்கத் தெரிந்த யார் கைக்கும் அது உதவும்.

வலி போன பிறகு மிஞ்சியிருக்கும் மாத்திரையைப் பத்திரப்படுத்தவும் வேண்டாம், பக்கத்து வீட்டுக்குக் கொடுக்கவும் வேண்டாம். கொடுத்த மருத்துவமனையின் மருந்தகத்திலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அடுத்த முறை வலி வந்தால், அது அதே வலியாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.